அண்டி ஆபீஸ் வாசலில் மூடிய வாய்

சாயங்காலச் சங்கு ஊதினதும் நாங்கள் வாசலுக்கு வரிசையாக வருவோம். முதலில் கையை விரித்துக் காட்ட வேண்டும். பிறகு மடியை உதற வேண்டும். பிறகு கொண்டையை அவிழ்க்க வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் அது.

"எட்டி, வாயத் தொற."

மேஸ்திரி வாசலில் ஒரு முக்காலி போட்டு இருப்பான். ஒரு கையில் டார்ச்சு. மற்ற கையில் ஈர்க்கில், விளக்குமாறு கட்டுகிற தென்னை ஈர்க்கில்தான். அதை வைத்து நாக்கைத் தூக்கிப் பார்ப்பான், அடியில் அண்டிப்பருப்பு, முந்திரிப்பருப்புதான், ஒளிந்து கிடக்கிறதா என்று.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாவாடையும் ஜம்பரும் போட்ட வயசு. என் முறை வந்தது.

"நான் ஒண்ணும் திங்கல்ல" என்றேன்.

"அத நான் பாத்துச் சொல்லுதேன். தொற."

அவனுக்குப் பின்னால் லாரியில் சாக்கு ஏற்றுகிற ஆண்கள் நின்றார்கள். ஒருத்தன் சொன்னான், "எலே, மாட்டுச் சந்தையிலயும் இப்படித்தான் பல்லு பிடிச்சுப் பாப்பினும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் திறந்தேன். ஈர்க்கில் நாக்கின் வேரில் கீறியது. எனக்கு முன்னால் நின்றவளின் எச்சில் அதில் காயாமல் இருந்தது. அவன் விரலில் பீடி மணம்.

சத்தியமாக நான் ஒரு பருப்புகூடத் தின்றிருக்கவில்லை. தின்றிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் என் வாயைப் பற்றி. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும். பிழையைத் திருத்துங்கள், சொல்லை மாற்றாதீர்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

முறுக்கான்

கொல்லயில் என்கிற எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் அண்டி ஆபீஸ் பெரிய காரியம். முந்திரிக்கொட்டையை நாங்கள் அண்டி என்றுதான் சொல்லுவோம். அது உடைக்கிற கம்பெனி, அண்டி ஆபீஸ். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரக்கொட்டாப்புளியால் தல்லி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். அந்தத் தோட்டில் ஒரு கறை உண்டு. பட்ட இடம் வேகும். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் இருப்போம். அப்படியும் தோல் வெளுத்து உரியும், பிறகு கறுத்துப்போகும். வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினால் உதட்டில் பட்டுவிடும். உதடும் வெளுத்து உரியும். தேங்காய் எண்ணெய் தொட்டுப் போட்டால் ஆறும். யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. "கறை ஏறியிருக்கு" என்பார்கள். அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்துக் கல்லில் இருந்தவள் செலின். பொழியூர் கடற்கரையில் பிறந்து எங்கள் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் சிரித்தால் ஷெட்டின் தகரம் அதிரும். வாசலில் நான் அழுத மறுநாள் அவள் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.

"ஏட்டி தங்கம்மை, என் வாய அவன் பாத்து நீ கண்டியா?"

யோசித்தேன். கண்டதில்லை. செலின் வாசலுக்கு வந்தால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டுவான், போ போ என்று.

"ஏம் பாக்க மாட்டேங்கான்?"

"இதாக்கும்" என்று கன்னத்தை உப்பிக் காட்டினாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை. "பொயில கெடக்க வாயில எவளாவது பருப்பு திம்பாளா? அதுமில்லாம, நான் வாயத் தொறந்தா அவன் வெள்ளச் சட்டையில தெறிக்கும். அந்தப் பயம்."

வெற்றிலை போடுவதை நாங்கள் முறுக்குவது என்போம். அன்று சாயங்காலமே முறுக்கான் கடையில் ஒரு கூட்டு வாங்கினேன். முதல் தடவை தலை சுற்றி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். செலின் என் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "கடல்ல முதல் நாள் போறவனுக்கும் இப்படித்தான் மக்கா. அப்புறம் கரையில நிக்கத்தான் முடியாது."

அதன்பிறகு நான் வாசலில் வாயைத் திறக்கவில்லை. இடது கன்னத்தில் உருண்டையை ஒதுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அவனைப் பார்க்காமல் நடந்தேன். பீலிங் ஷெட்டுக்கு மாற்றித் தருகிறேன் என்றார்கள். தோல் நீக்குகிற வேலை, உட்கார்ந்து செய்யலாம், கறை கிடையாது, கை வெளுப்பாக இருக்கும். ஆனால் அங்கே முறுக்கக் கூடாது, வெள்ளைப் பருப்பில் சிவப்புத் தெறித்தால் கெட்டுவிடும். எனக்கு வேண்டாம் என்றேன். கறுத்த கையோடு தல்லிலேயே இருந்தேன். மானம் என்றால் எனக்கு அதுதான்.

பருப்பையும் நான் அதோடு விட்டேன். கல்யாண வீட்டுப் பாயசத்தில் கிடந்தாலும் எடுத்து இலையோரம் வைத்துவிடுவேன்.

விரல் பதியாத பெண்

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், விட்டால் மறந்துபோகும்.

ரேஷன் கடையில் இப்போது விரல் வைக்கிற மெஷின் உண்டு. என் விரல் அதில் விழாது. கறை தின்ற விரலில் ரேகை ஏது? கடைக்காரன் துணியால் துடைத்துப் பார்ப்பான், எண்ணெய் தொட்டுப் பார்ப்பான், எல்லா விரலையும் வைக்கச் சொல்லுவான்.

"அம்மே, நீங்க இல்லாத ஆளுன்னு சொல்லுது" என்றான் ஒரு நாள்.

"மெஷின் பொய் சொல்லாது மக்கா. வீட்டுலயும் அப்படித்தான் இருக்கேன்" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. வாயைப் பொத்தாமல் சிரித்து எனக்குப் பழக்கம் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் நான் ஒற்றைக்குத்தான். மகன் அனில் துபாயில். மருமகளும் பிள்ளைகளும் அவனோடு. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சில வாரம் அந்தப் போனை எடுக்கும்போதுதான் தெரியும், அதற்கு முந்தின நாள் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று. தொண்டையிலிருந்து வேறு யாரோ குரல் மாதிரி வரும். "அம்மா, சளியா?" என்று கேட்பான். ஆமா என்று சொல்லிவிடுவேன்.

வீடியோவில் கூப்பிட்டாலும் நான் போனைக் காதில்தான் வைப்பேன். "அம்மா, காது மட்டும்தான் தெரியுது" என்பான். "காது நல்லாத்தானே இருக்கு, பாரு" என்பேன்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஒற்றைக்கு இருக்கிறவளுக்கு உடம்பில் ஏதாவது மாறினால் அதைச் சொல்ல ஆள் கிடையாது. என் மீன்கறியில் மிளகாய் குறைந்துகொண்டே வந்தது. எரிந்தது, குறைத்தேன். பிறகும் எரிந்தது, பிறகும் குறைத்தேன். கடைசியில் வெறும் தேங்காயும் மஞ்சளும் புளியும். பக்கத்தில் இருந்து யாராவது சாப்பிட்டிருந்தால், "இது என்ன கறி, எரிவே இல்ல?" என்று கேட்டிருப்பார்கள். சோற்று உருண்டையும் சிறுத்துக்கொண்டே வந்தது. வாய் முன்போலத் திறக்கவில்லை. வயசாகிவிட்டது, பசி சிறுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் பூனைக்கும் மட்டும் சமைக்கிறேன். பூனை எதையும் கேட்காது.

செலினின் இரண்டு விரல்

அண்டி ஆபீஸை மூடினபிறகு செலினை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பார்ப்பேன், அவள் பள்ளிக்குப் போகும்போது. அவர்கள் கோயிலைப் பள்ளி என்றுதான் சொல்லுவார்கள். பிறகு அவளைக் காணவில்லை. ஒரு தடவை கண்டபோது நாக்கின் ஓரத்தில் ஒரு புண் என்றாள்.

"ஒடஞ்ச பல்லு குத்துதாக்கும். கிராம்பெண்ண போடுதேன்."

"வேதனை உண்டா?"

"புண்ணுல வேதனையே இல்ல. காதுலதான் குத்துது. காதுக்கு வேற எண்ண ஊத்துதேன்."

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. பிறகு பேச்சு குழறியது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அது கழுத்துக்கு இறங்கிவிட்டது. கரண்டு வைத்தார்கள், ரேடியேஷனைத்தான் அப்படிச் சொல்லுவோம். கழுத்துத் தோல் கறுத்தது, எங்கள் கை மாதிரி.

நான் பார்க்கப் போன அன்று ஜன்னலோரம் இருந்தாள். முகத்தின் பாதியைத் துவர்த்துத் துண்டால் மூடியிருந்தாள். அறையில் சாம்பிராணி புகைந்தது. எந்த வாடையை மறைக்க என்று எனக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. அவள் மகள் சொன்னாள், "பள்ளி அச்சன் வந்து நற்கருணை குடுத்தாரு மாமி. வாய் தொறக்க முடியல்ல. அப்பத்துல ஒரு துண்டு பிச்சு, கரண்டித் தண்ணியில கரைச்சு விட்டாரு."

தகரம் அதிரச் சிரித்த வாய்.

நான் அவள் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை சொன்னேன். அவள் கையைத் தூக்கி, இரண்டு விரலால் என் இடது கன்னத்தில் தட்டினாள். டொக் டொக். நாங்கள் அண்டி ஆபீஸில் இருந்தபோது மேஸ்திரியைக் கேலி செய்ய வைத்திருந்த விளையாட்டு அது. ஒருத்தி கன்னத்தில் ஒருத்தி தட்டி, "வாயத் தொற" என்போம். நான் சிரித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் தட்டினாள். என் கன்னத்துக்குள் உருண்டை கிடந்த அதே இடத்தில். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

பஸ்ஸுக்கு நேரமாகுது என்று எழுந்தேன். அவளைப் பிறகு நான் பெட்டியில்தான் பார்த்தேன். வெள்ளைத் துணியால் கன்னத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

சவரக் கண்ணாடி

அடக்கம் முடிந்து வந்த மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கேதான் வெளிச்சம். வாயைக் கொப்பளித்தேன். சுற்றிலும் பார்த்தேன், ஒரு காக்கையும் இல்லை. திறந்தேன்.

என் வாய்க்குள்ளே எப்படி இருக்கும் என்று அதுவரை நான் கண்டதில்லை. உங்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்கள்?

இடது கன்னத்தின் உள்ளே, பொயிலை கிடக்கிற இடத்தில், காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி ஒரு வெள்ளை. கொஞ்சம் சுருங்கி இருந்தது. விரலில் துணியைச் சுற்றித் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. வலிக்கவும் இல்லை.

எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் உடனே ஒரு நிம்மதியும் வந்தது. இது கறை. அண்டிக்கறையாக்கும்! கையில் ஏறினது ஆயுசுக்கும் போகவில்லை, ரேகையையே தின்றுவிட்டது. உதட்டில் வெளுத்ததும் இதே வெளுப்புத்தான். ஆபீஸ் மூடினபிறகும் முற்றத்து மரத்துக் கொட்டையை நான் தல்லி விற்கிறேனே. கறை எப்படியோ உள்ளே இறங்கியிருக்கிறது. செலினுக்கு வந்தது புண், எனக்கு இருப்பது கறை. அவளுக்கு வேதனை காதில் வந்தது, எனக்கு எங்கேயும் இல்லை.

தேங்காய் எண்ணெய் தொட்டுப் போட்டேன். வேறு எந்த ஊர்க்காரியும் அப்படி நினைத்திருக்கமாட்டாள். அண்டி தல்லினவள் எவளும் அப்படித்தான் நினைப்பாள்.

கல்யாண மண்டபம்

எங்கள் வார்டில் ஆஷா என்கிற சர்க்கார் சுகாதார வேலை பார்க்கிற ஷீபா வீடு வீடாக வருகிறவள். பிரஷர் பார்ப்பாள், கொசுத் தொட்டியைக் கவிழ்ப்பாள். ஒரு நாள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, வாய்க்குள்ள புண்ணோ வெள்ளையோ செவப்போ ஏதாவது பாடு உண்டா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒருக்க தொறந்து காட்டும், நான் பாத்துட்டுப் போறேன்."

"நீ யாருட்டி என் வாயப் பாக்க?"

"சர்க்காரு ஆளாக்கும் மாமி."

"சர்க்காருக்கு என் வாயில என்ன சோலி? ரேஷன் கடையில நான் இல்லாத ஆளு. போ."

அவள் கோபப்படவில்லை. "வியாழக்கிழமை ஆடிட்டோரியத்துல கேம்ப் உண்டு. பல்லு டாக்டர் வாறாங்க. பழைய அண்டி ஆபீஸ் இருந்த இடம், தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்டி ஆபீஸ் இடத்தை யாரோ வாங்கிக் கல்யாண மண்டபம் கட்டியிருப்பது தெரியும். உள்ளே போனதில்லை. எனக்கு அங்கே யார் கல்யாணம்? வாய் காட்டப் போகவில்லை நான், இடத்தைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், வியாழக்கிழமை யாராவது பேசுகிற இடத்துக்குப் போகலாம் என்றும் தோன்றியது.

கட்டிடம் எல்லாம் புதுசு. ஆனால் வாசல் அதே வாசல். இரும்புக் கேட்டுக்குப் பொன்னிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கேட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் முனையில் ஒரு பெண், வெள்ளைக் கோட்டு. ஒரு கையில் டார்ச்சு. மற்ற கையில் ஒரு குச்சி.

"வாய் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

என் கால் தானாகத் திரும்பியது. வெயிலில் நடந்து பஸ் ஸ்டாப்பில் வந்து இருந்தேன். நாக்கின் வேரில் அந்த ஈர்க்கில் இப்போதுதான் கீறினது மாதிரி இருந்தது. எத்தனை காலம் ஆகிவிட்டது, பாருங்கள். உடம்பு கணக்கு வைப்பதில்லை.

பாறசாலை பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. ஏறவில்லை.

கன்னத்தில் இருந்த உருண்டையை நாக்கால் தள்ளினேன். டொக் டொக் என்று செலின் தட்டின இடம். அவள் பேச முடியாமல் கிடந்தாள். சொல்ல ஒரே ஒரு வழிதான் அவளுக்கு இருந்தது, எங்கள் விளையாட்டு. கேலி செய்யவா அவள் கையைத் தூக்கினாள்? கையைத் தூக்கவே அவளுக்குச் சீவன் இல்லையே.

பிறகு எனக்கு வேறொரு கோபம் வந்தது. மேஸ்திரி செத்து மண்ணாகிவிட்டான். ஆபீஸும் போய்விட்டது. அவனுக்காகப் போட்ட பூட்டு மட்டும் இன்னும் என் வாயில் தொங்குகிறது. அவனுக்குத் திறக்கமாட்டேன் என்று நான் மூடினேன், சரி. இன்றைக்கும் மூடிக்கொண்டிருந்தால் அது யாருக்காக?

உருண்டையைத் துப்பினேன். பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தேன். திரும்பி நடந்தேன்.

திறந்தேன்

வரிசை முடிந்துவிட்டது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஷீபா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "மாமி வந்தியளா!" அவள் கையை விலக்கினேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். திருவனந்தபுரத்துப் பிள்ளை, எங்கள் பேச்சு கொஞ்சம் வரும்.

"இரிக்கூ அம்மே" என்றாள். இருந்தேன். அவள் டார்ச்சை எடுத்தாள்.

"மக்கா, ஒரு காரியம்" என்றேன். "நீ தொறன்னு சொல்லக் கூடாது. அந்தக் குச்சியும் வேண்டாம். நானாத் தொறப்பேன்."

அவள் ஷீபாவைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள், கறுத்து ரேகை அழிந்த விரல்களை. என்ன புரிந்ததோ எனக்குத் தெரியாது. குச்சியைக் கீழே வைத்தாள். டார்ச்சை அணைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் சும்மா இருந்தாள்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி மடக்குகிற சத்தம் நின்றது. என் தாடை கட்டை மாதிரி இருந்தது. அந்தப் பெண் அவசரப்படவில்லை, வாட்சைப் பார்க்கவில்லை.

திறந்தேன்.

"டார்ச் அடிக்கட்டுமா?" என்று கேட்டாள். என் வாயின் முன்னால் இருந்து ஒருத்தர் என்னிடம் அனுமதி கேட்டது அன்றைக்குத்தான். தலையை ஆட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள். கையுறை போட்ட விரலால் கன்னத்தின் உள்ளே தடவினாள். கழுத்தை இருபுறமும் அழுத்திப் பார்த்தாள், கட்டி உண்டா என்று. "எவ்வளவு நாளா இந்த வெள்ளை?"

"தெரியாது. அது அண்டிக்கறையாக்கும்."

"அல்ல அம்மே." மெதுவாகத்தான் சொன்னாள். "கறை உள்ள இப்படி வராது. தொடச்சாப் போகாத வெள்ளை, தொடச்சாப் போகாத செவப்பு, ரெண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணு, தடிப்பு, காரம் தாங்காம எரியறது, வாய் சிறுத்து வாறது — இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே காட்டணும். எல்லாம் கான்சர் ஆகாது. ஆனா சிலது ஆகும். பொயில வைக்கிற எடத்துலதான் வரும்."

"எனக்கு வேதனையே இல்லியே."

"தொடக்கத்துல வேதனை இருக்காது. அதுனாலதான் ஆளுகள் வர மாட்டாங்க. வேதனை வந்து வரும்போ நேரம் போயிருக்கும்."

செலினின் புண்ணில் வேதனை இல்லை.

பைஸ்டாண்டர்

கன்னத்திலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தாள். மரத்துப்போகிற ஊசி போட்டு அரிசி அளவு எடுத்தார்கள். அதைவிட மீன் நறுக்கும்போது கையில் கத்தி படுவது வலிக்கும். சோதனையின் பலன் வரக் காத்திருந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பூனையிடம்கூடச் சொல்லவில்லை.

பலன் வந்தது. கெட்டதாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறது, தொடக்கம்தான், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். கரண்டு வேண்டாம் என்றார்கள்.

அட்மிட் ஆகிற இடத்தில் நர்ஸ் கேட்டாள், "பைஸ்டாண்டர் ஆரா?" எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குக் கூட இருக்கிற ஆளை அப்படித்தான் சொல்லுவார்கள். ஆள் இல்லாமல் கட்டில் தரமாட்டார்கள்.

"எனக்கு நான்தான்" என்றேன்.

"அது பற்றில்ல அம்மே, முடியாது. ஒரு ஆள் வேணும்."

அனிலிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் லீவு கிடைக்காமல் அங்கே கிடந்து தவிப்பான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவன் "வர முடியல்ல அம்மா" என்று சொல்லிக் கேட்க எனக்கு மனசில்லை.

வராந்தாவில் நின்று யோசித்தேன். பிறகு ஷீபாவுக்குப் போன் போட்டேன். படலுக்கு வெளியே நிறுத்தின பெண்ணிடம் கேட்பது லேசில்லை. நான் சொல்லி முடிக்கும் முன்னே அவள் சொன்னாள், "அங்கேயே இரியும் மாமி. நான் வாறேன்."

வந்தாள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக்கொண்டாள். "மாமி, இப்பவாவது நான் யாருன்னு சொல்லும்" என்று கிண்டல் பண்ணினாள்.

"நீ என் பைஸ்டாண்டராக்கும். சும்மா கெட."

மரத்துப் பருப்பு

தையல் ஆறிவிட்டது. மாதங்கள் இடைவிட்டு டாக்டரிடம் போய் வாயைக் காட்டுகிறேன். இப்போது அவர்கள் "தொறங்க" என்றாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. வாய் விரியக் குச்சிகளை அடுக்கிக் கடிக்கிற பயிற்சி ஒன்று உண்டு, அதையும் செய்கிறேன். தினமும் காலையில் கிணற்றடியில் சவரக் கண்ணாடி.

பொயிலையை விட்டதுதான் பெரிய பாடு. முறுக்கான் கடையைத் தாண்டாமல் சுற்றி நடந்தேன். கன்னத்தில் ஒன்றும் இல்லாதது, வீட்டில் ஒருத்தர் இல்லாதது போலவே இருந்தது. நாக்கு போய்த் தேடிவிட்டுத் திரும்பும்.

அப்போது முற்றத்து மரம் காய்த்தது. கொட்டையை வறுத்துத் தல்லினேன், பழைய கைதானே, பருப்பு உடையாமல் வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் பருப்பு. மெதுவாகக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்தேன். ஊற ஊற இனித்தது. இதைத்தானா அவர்கள் என் நாக்குக்கு அடியில் தேடினார்கள்? தேட வேண்டிய பொருள்தான்.

கல்லில் இருந்து தல்லின பெண்களே, உங்களுக்குத்தான் சொல்லுகிறேன். உள்ளே காண்பது கறை இல்லை. போய்க் காட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அனில் வீடியோவில் கூப்பிட்டான்.

"அம்மா, போனைக் காதுல வைக்காதீங்க, முன்னால பிடிங்க."

முன்னால் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்டி ஆபீஸ் முதல் ஆஸ்பத்திரி வரை. திரையில் அவன் கண் நனைவது தெரிந்தது. தலையில் நரை விழுந்திருப்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல்ல?"

"இப்ப காட்டுதேன், பாரு" என்று ஜன்னலோரம் போய், வெளிச்சத்தைப் பார்த்து வாயை முடிந்த மட்டும் திறந்தேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக்கூட அதுவரை நான் காட்டினதில்லை.

அவன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பார்த்தான்.

"அம்மா... உள்ள இன்னும் வெள்ளயா என்னமோ கெடக்கே?"

"எலே, அது அண்டிப்பருப்பாக்கும். தின்னுட்டிருக்கேன்."

அவன் சிரித்தானா, அழுதானா, தெரியவில்லை. அந்த நேரத்தில் சிக்னல் போய்விட்டது. வாய் பாதி திறந்தபடி அவன் முகம் திரையில் அப்படியே நின்றது. நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். திரை கறுத்தது.

தட்டத்தில் இன்னும் கொஞ்சம் பருப்பு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன். வாசலில் யாரும் இல்லை.